இடது கைச் செம்பு

மூக்கை நம்பிப் பிழைத்த என் சின்னராசு மச்சானுக்கு,

தசரா முடிந்து நான்கு நாள் ஆகிறது. ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் கலைந்துவிட்டது. மைசூரிலிருந்து நம் தோட்டத்துக்கு வரும் பஸ்ஸில் மறுபடி உட்கார இடம் கிடைக்கிறது. வழக்கம்போல தசராவுக்கு மறுநாள் காலையில் ஒயின் ஜாடிகளைத் திறந்தோம். நீங்கள் இல்லாமல் இது இரண்டாவது தடவை. போன வருஷம் நடந்ததை உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது, எழுதவில்லை. இந்த வருஷம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போய்ச் சேர்ந்தவருக்குக் கடுதாசி எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். இங்கே நம் தமிழ் ஆட்கள் சேர்ந்து போடும் தீபாவளி மலருக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நூறு பேர் படிப்பார்கள். அதில் யாராவது ஒருத்தர் முன்னே பின்னே அங்கே வந்து உங்களிடம் சொல்லாமலா போய்விடுவார்? அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் மறுபடி சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரே கதையை ஒன்பது தடவை சொன்னபோது நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

நம் தோட்டம் நான்கு ஏக்கர் கறுப்புத் திராட்சை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்குத் தோட்ட வேலைக்கு வந்த என் பாட்டன், ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த குச்சிகளை நட்டு ஆரம்பித்தது. ஒயின் போடும் பக்குவத்தை அந்தத் துரையின் சமையல்காரரிடம் கற்றுக்கொண்டார். முதல் வருஷத்து ஒயினை அவரே ருசி பார்த்தார். ருசி பார்க்கிறேன், ருசி பார்க்கிறேன் என்று அரை ஜாடியைக் காலி செய்துவிட்டுக் கிணற்றில் விழுந்தார். தூக்கி வெளியே போட்டதும், ஈரத் துணியோடு மாதேஸ்வரன் மலை இருக்கும் திசையைப் பார்த்து, இனி என் வம்சத்தில் ஒருத்தரும் இதை நாக்கில் வைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தாராம். ஒயினே போட மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை. அந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருந்ததாம்.

அன்று முதல் மூன்று தலைமுறையாக நாங்கள் ஒயின் போடுகிறோம், குடிப்பதில்லை. சர்க்கரை சேர்க்காமல், தண்ணீர் சேர்க்காமல், வெறும் பழத்தில் ஊறிய சிவப்பு ஒயின். பக்கத்து ஊர்களில் இருக்கும் மூன்று சர்ச்சுகளுக்குப் பூசைக்குப் போகிறது. அரசாங்க அனுமதியை வருஷாவருஷம் புதுப்பிக்கிறோம். எல்லாம் சரி. ஆனால் ஜாடி நன்றாக வந்திருக்கிறதா, புளித்துக் காடியாகப் போய்விட்டதா என்று நாக்கில் வைத்துச் சொல்ல இந்த வீட்டில் ஆளில்லை. மகன்களுக்குச் சத்தியம், வந்த மருமகள்களுக்கும் சத்தியம். வேறு குலத்து ஆளாகவும் இருக்கவேண்டும், வீட்டு ஆளாகவும் இருக்கவேண்டும். அப்படிப்பட்டவர் யார்? வீட்டு மாப்பிள்ளை.

ஊரெல்லாம் குடிக்காத மாப்பிள்ளையைத் தேடும்போது நாங்கள் மட்டும் கொஞ்சம் குடிக்கிற மாப்பிள்ளையைத் தேடுவோம். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், அதற்கு மேல் போகக்கூடாது. அது எவ்வளவு கஷ்டம் என்று சரசு அக்காவுக்கு வரன் பார்த்து அலைந்த என் அப்பாவுக்குத்தான் தெரியும்.

உங்கள் ஊரான மார்டள்ளியிலிருந்து நீங்கள் பெண் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறதா மச்சான்? எனக்கு அப்போது பதினாறு வயது. பலகாரத் தட்டை வைத்ததும் வைக்காததுமாக அப்பா கேட்டுவிட்டார்.

"மாப்பிள்ளைக்குக் குடிக்கிற பழக்கம் உண்டுங்களா?"

உங்கள் பெரியப்பா பதறிப்போனார். "ஐயோ, தொடவே மாட்டானுங்க! என்ற தம்பி பையன், தங்கமுங்க."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்படிங்களா. அப்பச் சரிப்பட்டு வராதுங்களே."

உங்கள் பெரியப்பாவுக்குக் கையில் எடுத்த மைசூர்பாகை வாயில் போடுவதா, தட்டில் திருப்பி வைப்பதா என்று தெரியவில்லை. நீங்கள்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "எப்பவாச்சும் ஒரு டம்ளர் உண்டுங்க," என்றீர்கள். பெரியப்பா உங்கள் தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

"எதுல நிறுத்துவீங்க?" என்றார் அப்பா.

"மூக்கு மங்கறதுக்குள்ள நிறுத்திருவனுங்க. மூக்குதானுங்க எனக்குச் சோறு போடுது."

மைசூரில் ஒரு அகர்பத்திக் கம்பெனியில் வாசனை கலக்கும் அறையில் உங்களுக்கு வேலை. சந்தனமும் மல்லிகையும் தாழம்பூவும் எந்த அளவில் சேரவேண்டும் என்று மூக்கால் சொல்லுகிற வேலை. அப்பா உள்பக்கம் திரும்பி, "சரசு, மாப்பிள்ளைக்குக் காபி கொண்டா," என்றார். அவர் வாயால் மாப்பிள்ளை என்று சொன்னதோடு அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் தசராவுக்கு மறுநாள் உங்களுக்குக் கூடத்தில் நாற்காலி போட்டோம். எட்டு ஜாடி. நீளக் காம்பு அகப்பையால் மேலே, நடுவே, அடியிலே என்று மொண்டு, வெள்ளிக் கரண்டியில் ஊற்றித் தருவோம். ஜாடிக்கு மூன்று கரண்டி, அதற்கு மேல் கிடையாது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர்ச் செம்போடு அக்கா உங்கள் பக்கத்தில் நிற்பாள். "நடக்கும்" என்றீர்கள் என்றால் அந்த ஜாடி சர்ச்சுக்குப் போகும். "வேண்டாம்" என்றால் உரக்குழிக்குப் போகும். அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார்.

எப்போதாவது ஒரு தடவை, மூன்றாவது கரண்டி முடிந்ததும், நீங்கள் கரண்டியைத் திருப்பித் தராமல் நீட்டுவீர்கள். "இன்னொண்ணு ஊத்துங்க." நாலாவது கரண்டி. அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா போட்ட ஒயினுக்கே மொத்தம் இரண்டு தடவைதான் கேட்டீர்கள். அந்த இரண்டு நாளும் அவர் மத்தியானச் சோற்றை மறந்துவிட்டுப் பந்தலுக்கடியில் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது தடவை கேட்டது எனக்கு.

அப்பா தை மாதம் போனார். மாசியில் பழம் பறித்தாக வேண்டும். கருமாதி முடித்த கையோடு நானே தனியாகப் போட்ட முதல் ஒயின் அது. சித்தப்பா வேறு பந்தல் காலில் சாய்ந்து நின்றுகொண்டு, "பழனிக்கு அப்பன் கை வராது. பேசாம கொடியப் புடுங்கிட்டு வீட்டு சைட் போட்டுரலாம். லேஅவுட்டுக்கு ஆளு ரெடியா இருக்கான்," என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். மைசூர் அப்போதே எங்கள் வேலி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. சித்தப்பாவும் பங்காளி. தசராவில் ஒயின் சரியில்லை என்று ஆனால் தோட்டம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு நாலாவது ஜாடி வரை நீங்கள் "நடக்கும்" என்றீர்கள். ஐந்தாவது ஜாடியில் மூன்று கரண்டி முடிந்தது. கரண்டியை நீட்டினீர்கள்.

"மாப்ளே, இன்னொண்ணு ஊத்து."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, பழனியே பாத்துக்கட்டும்," என்று எழுந்து போனார். நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். என் வாழ்க்கையில் என் ஒயினை நான் குடித்ததில்லை, குடிக்கப்போவதும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கரண்டிதான். மழை கெடுத்த வருஷத்திலும் சாம்பல் நோய் வந்த வருஷத்திலும் அதை நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

போன வருஷம் ஆனியில், கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல அவகாசம் இல்லை. உங்கள் காரியமெல்லாம் முடிந்து மூச்சு விட்டபோது தசரா வந்துவிட்டது. எட்டு ஜாடியும் மூடியபடி நிற்கின்றன. எனக்கு இரண்டும் பையன்கள். மாப்பிள்ளை என்று சொல்ல ஆளில்லை. வேறு குலமாக இருந்தால் போதும் என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்ல, நானும் தலையாட்டினேன். பம்ப்செட் மெக்கானிக் மாதப்பாவைக் கூப்பிட்டு உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தோம்.

சிரிக்காதீர்கள் மச்சான். எனக்கு அப்போது வேறு யோசனை வரவில்லை.

மாதப்பா முதல் ஜாடியைக் குடித்துவிட்டு, "சூப்பர், பழனியண்ணா! இன்னொந்து குடுங்கோ," என்றான். இரண்டாவது ஜாடிக்கும் சூப்பர். எட்டு ஜாடியும் சூப்பர். ஜாடிக்கு நாலு, அஞ்சு, ஆறு என்று கரண்டி கேட்டான். நீங்கள் இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துப் பார்த்துக் கொடுத்த மரியாதையை அவன் ஒரே காலையில் இறைத்துவிட்டு, நாற்காலியோடு எழுந்து நின்றான். அக்கா அன்றைக்குச் செம்போடு வரவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தாள். எட்டாவது ஜாடி முடிந்ததும், "பழனி, ரெண்டும் ஏழும் அனுப்பாத," என்று அங்கிருந்தே சொன்னாள். துக்கத்தில் இருக்கிறவள் ஏதோ சொல்கிறாள் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழாவது ஜாடி ஒயின் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனது. ஃபாதர் பாத்திரத்தை வாயில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். கண்ணில் தண்ணீர். கோயிலில் இருந்தவர்கள் பக்தியில் அழுகிறார் என்று நினைத்துத் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். மூன்றாம் நாள் மீதி பாட்டிலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, இதுல ஊறுகா போடலாம். பூச வைக்க முடியாது," என்றார். கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "காடி ஆயிட்டா அது செல்லாதுண்ணே. அடுத்த வருசம் யாராச்சும் சரியாப் பாத்து அனுப்புங்க. இல்லேன்னா நாங்க மூணு கோயிலும் பெங்களூர்ல இருந்துதான் வரவழைக்கணும்."

அவர் போன மறுநாள் சித்தப்பா வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்காலியில் மாதப்பாவை உட்கார வைத்தது அவர் யோசனை என்பதை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார், அவ்வளவுதான். "அடுத்த தசரா வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் லேஅவுட்தான்," என்றார்.

மாசியில் பழம் பறித்தேன். எட்டு ஜாடி போட்டேன். ஆனியில் உங்களுக்குத் திதி கொடுத்தோம். அது முடிந்ததும் அக்கா உங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டாள். உங்கள் பையன் பெங்களூருக்குக் கூப்பிட்டான். அங்கே மூன்றாவது மாடியில் உட்கார்ந்து கொண்டு என்ன செய்வேன் என்று சொல்லிவிட்டாள். அவனும் வாராவாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா ஊட்டா மாடித்லா, மாமா?" என்று என்னிடம் கன்னடத்தில் கேட்கிறான். சாப்பிட்டாள்டா என்று நான் தமிழில் சொல்கிறேன்.

தசராவுக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். ஜாடி அறைக்குள் போனேன். முதல் ஜாடியின் துணியை அவிழ்த்து, வெள்ளிக் கரண்டியில் மொண்டுவிட்டேன். மாதேஸ்வரன் என்னை மன்னிக்கட்டும், பாட்டன் கிணற்றிலிருந்து எழுந்து வந்து அடிக்கட்டும், நாலு ஏக்கர் கொடியைப் பிடுங்குவதைவிட இது பெரிய பாவமா? கரண்டி உதட்டுக்கு அருகில் வந்துவிட்டது.

"வெச்சுரு அத."

அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"எனக்கு வேற வழி தெரியலக்கா," என்றேன்.

"நீ வாயில வெக்க வேண்டாம். நான் வெச்சுப் பாத்துட்டன். நேத்தே பாத்துட்டன்."

நான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வந்து அதை வாங்கி, ஜாடியில் திருப்பி ஊற்றிவிட்டுத் துணியைக் கட்டினாள்.

"எத்தன வருசமாக்கா?"

"உன்ற மச்சானுக்கு மூக்குப் போனதுல இருந்து."

மச்சான், அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம். உங்களை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். காவிரித் தகராறில் பஸ் ஓடாத அந்த வாரம் உங்களுக்கு விஷக் காய்ச்சல் வந்ததும், வீட்டை விட்டு வெளியே போகப் பயந்து, கிடைத்த மாத்திரையை வைத்தே சமாளித்ததும் எனக்குத் தெரியும். காய்ச்சல் இறங்கியபோது மூக்கும் கூடவே போய்விட்டது என்பது தெரியாது. உப்பும் புளிப்பும் மட்டும் நாக்கில் தங்கியதாம். எல்லா ஜாடியும் உங்களுக்கு ஒரே புளிப்பு. அடுத்த மாதமே தோள்வலி என்று சொல்லி வாசனை அறையிலிருந்து பேக்கிங் பக்கம் மாற்றிக்கொண்டீர்கள். நான் தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். நல்ல தோளில் அதைத் தேய்த்துக்கொண்டு, "இப்பப் பரவால்ல மாப்ளே," என்றீர்களே, உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

அக்கா சொல்லச் சொல்ல, என் கண் முன்னால் இருந்ததையெல்லாம் நான் பார்க்காமல் விட்டது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முன்பெல்லாம் மூன்று கரண்டி குடித்ததும் சொல்லிவிடுவீர்கள், அப்புறம்தான் வாய் கொப்பளிப்பீர்கள். காய்ச்சலுக்குப் பிறகு முதலில் கொப்பளித்துவிட்டு, பிறகு சொன்னீர்கள். வயசாக ஆகப் பக்குவம் கூடுகிறது என்று நான் என் பையன்களிடம் பெருமையடித்தேன். வாடிப்போன மல்லிகையை வாங்கி வருவீர்கள். மார்க்கெட்டில் உங்களை நல்லா ஏமாற்றுகிறார்கள் மச்சான் என்று கேலி செய்வேன். அக்கா அதைப் பேசாமல் வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள்.

ஜாடிகளுக்குப் புதுத் துணி மாற்றிக் கட்டுவது தசராவுக்கு முதல் நாள் அக்கா செய்யும் வேலை. யாரும் கூட இருக்க மாட்டார்கள். அப்போது ஒவ்வொன்றிலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வாளாம். மறுநாள் செம்பை வலது கையில் கொடுத்தால் நடக்கும். இடது கையில் கொடுத்தால் வேண்டாம். நீங்கள் தீர்ப்புச் சொல்லும் முன் அக்காவைப் பார்ப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த வயதிலும் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை பாருங்கள் என்று என் வீட்டுக்காரி என்னை இடிப்பாள். முகத்தையா பார்த்தீர்கள்? கையைப் பார்த்திருக்கிறீர்கள்!

காய்ச்சலுக்கு அடுத்த தசராவில் மூன்றாவது ஜாடிக்கு அக்கா இடது கையில் செம்பைக் கொடுத்துவிட்டாள் என்று அம்மா எப்படித் திட்டினாள், நினைவிருக்கிறதா? "கட்டின புருசனுக்கு எடது கையில தண்ணி குடுக்கறாளே, இவள என்ன சொல்லி வளத்தேன்!" நீங்கள் அமைதியாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இந்த ஜாடி வேண்டாமுங்க," என்றீர்கள். அம்மாவின் பேச்சில் உங்களுக்கு மனசு கெட்டுப்போய்ச் சொல்லிவிட்டதாக நினைத்து அப்பா அன்றைக்கு அம்மாவோடு பேசவே இல்லை.

என்னால் இதை மூடி வைக்க முடியவில்லை. சத்தியம் மீறிப்போயிற்றா இல்லையா என்று அம்மாதான் சொல்லவேண்டும். அன்று சாயங்காலமே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் அம்மா முன்னால் உட்கார வைத்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, இன்னொரு கட்டை எடுத்து அவிழ்த்தாள். அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அம்மாவிடம் அந்தப் பயம்.

"அப்ப அதுக்குத்தான் எடது கையில குடுத்தியா?" என்றாள் அம்மா கடைசியில்.

"ஆமாம்மா."

"இத்தன வருசமா மனசுல அரிச்சிட்டே இருந்துச்சு." கீரைத் தட்டை நகர்த்தி வைத்தாள். "சத்தியம் எங்கடா மீறிச்சு? இவள எப்பவோ கட்டிக் குடுத்தாச்சு. இவ மார்டள்ளிக்காரி. இந்த வீட்டுச் சத்தியத்துக்கும் இவளுக்கும் என்ன? நாக்காலில இவளே உக்காரட்டும்."

எனக்கு அது தோன்றவே இல்லை மச்சான். மூன்று தலைமுறையாக மாப்பிள்ளையைத் தேடித் தேடி அலைந்த இந்த வீட்டில், கட்டிக்கொடுத்த பெண்ணும் வேறு குலம்தான் என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. நாம் எல்லோரும் படித்தவர்கள் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

"ஊரு என்ன சொல்லுமோம்மா," என்றாள் அக்கா. "தாலி இல்லாதவ போயி அங்க உக்காந்துட்டு..."

"உன்ற புருசன் உக்காந்த நாக்காலி. அதுல மாதப்பா உக்காந்தப்ப ஊரு என்ன சொல்லுச்சு?" என்று அம்மா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

அப்படித்தான் மூன்று நாள் முன்பு, தசராவுக்கு மறுநாள், உங்கள் நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள். சித்தப்பா வந்திருந்தார். ஃபாதரையும் வரச் சொல்லியிருந்தேன். அக்கா உங்கள் பழைய கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு குளிர் ஒன்றும் இல்லை. செம்பைப் பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா? நான்தான் பிடித்தேன். முதல் ஜாடி முடிந்ததும் செம்பை நீட்டினேன். எந்தக் கையில் கொடுக்கிறேன் என்று குனிந்து பார்த்துவிட்டு, அக்கா நீங்கள் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆறு ஜாடி நடக்கும் என்றாள். மூன்றும் ஆறும் வேண்டாம் என்றாள். சித்தப்பா விடவில்லை, "பொம்பள நாக்க நம்பி எப்படி அனுப்பறது?" என்று ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் எழுந்து வந்து, அக்கா ஒதுக்கிய ஆறாவது ஜாடியில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். அந்தப் பழைய கிறிஸ்துமஸ் முகம் அப்படியே வந்துவிட்டது. அடுத்து அக்கா சரியென்ற நாலாவது ஜாடியில் ஒரு சொட்டு. தலையை ஆட்டினார். "அக்கா சொன்னாப் போதும். மூணு கோயிலுக்கும் இங்கிருந்தே குடுங்கண்ணே," என்றார். சித்தப்பா மெள்ளத் துண்டை எடுத்து உதறினார். தோட்டம் இருக்கிறது மச்சான். அதை உங்களிடம் சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு அக்கா கிணற்றடியில் வெள்ளிக் கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். காலையிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"வலது கை நடக்கும், எடது கை வேண்டாம். செரி. நாலாவது கரண்டிக்கு என்னக்கா சைகை?"

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்பா தவறின வருசம், மச்சான் அஞ்சாவது ஜாடிக்குக் கேட்டாரே. அதுக்கு நீ என்ன காட்டின?"

"வலது கையிலதான் குடுத்தன்."

"அப்புறம்?"

"அதுக்குச் சைகையே கிடையாது கண்ணு. அத அவராக் கேட்டாரு." கரண்டியைக் கழுவி வெயிலில் காட்டிப் பார்த்தாள். "வீட்டுக்குப் போயி நானும் கேட்டன். ஏனுங்க, அந்த ஜாடி அப்படி ஒண்ணும் இல்லியே, சும்மா நடக்குற மாதிரிதானே இருந்துச்சுன்னு. அதுக்கு, 'மாப்ள முகத்தப் பாத்தன், சரசு. அதுக்கு மேல எனக்கு எந்த ருசியும் தெரியில'ன்னாரு."

நான் கயிற்றை விட்டுவிட்டேன். வாளி கிணற்றில் போய் விழுந்தது.

ஐந்து வருஷம் மச்சான்! நான் பெரிய கைக்காரன் என்று நினைத்துக்கொண்டு ஐந்து வருஷம் இந்தப் பந்தலுக்கடியில் நடந்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஏமாந்துவிட்டோம் என்று இருந்தது. மறுநாள் காலையில் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். எதற்குக் கோபப்பட்டேன் என்பதே அங்கே போனபிறகு சரியாகப் புரியவில்லை. மூக்கு போன மனுஷன், நாக்கு போன மனுஷன், வேலையில் வெளியே சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியவர், அந்த நிலைமையிலும் நான் நிற்கிற நிற்பைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கரண்டி இல்லையென்றால் அன்றைக்கே தோட்டம் போயிருக்கும், நான் இந்நேரம் யாரோ ஒருத்தர் லேஅவுட்டுக்கு வாட்ச்மேனாக இருந்திருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் இன்னமும் இருக்கிறது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதுவும் தெரியவில்லை.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று நீங்கள் இருக்கும்போது ஒரு நாளும் சொன்னதில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் அப்படியெல்லாம் பேசிக்கொள்வது நம் பக்கம் வழக்கம் இல்லை. இப்போது சொல்கிறேன், ஊர் படித்தால் படிக்கட்டும்.

இந்த வருஷம் அக்கா எந்த ஜாடிக்கும் நாலாவது கரண்டி கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கூடப்பிறந்தவன் என்று ஒரு சொட்டுச் சலுகை காட்டுகிறவள் இல்லை அவள். "பழத்த ரெண்டு நாள் முந்தியே பறிச்சுட்ட. அவசரக்குடுக்க," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அதை எழுதி மோட்டார் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

வருகிற மாசியில் இரண்டு நாள் பொறுத்துப் பறிப்பேன். அதற்கடுத்த மாசியிலும் ஏதாவது ஒன்றைத் திருத்துவேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி, ஒரு தசராவுக்கு மறுநாள் அக்கா அந்த நாற்காலியில் இருந்து கரண்டியைத் திருப்பித் தராமல் நீட்டத்தான் போகிறாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, இன்னொன்று மொண்டு உங்களுக்கு எடுத்து வைப்பேன். அதை என் கையாலேயே மார்டள்ளிக்குக் கொண்டுபோய், உங்களை வைத்த இடத்தில் ஊற்றுவேன். அது உண்மையாகவே நன்றாக இருக்கும் மச்சான். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்காது.

உங்கள் நாலாவது கரண்டியில் பிழைத்துக் கிடக்கும்,
மாப்ளே பழனி